அக்கார்டியனும் ஆர்மோனியமும்: தமிழ்நாட்டில் இரு காற்றுப்பெட்டிகள்

அக்கார்டியன், ஆர்மோனியம் இரண்டும் துருத்திக் காற்றில் மெல்லிய உலோக நாக்குகள் அதிர்வதால் ஒலிக்கும் இசைக்கருவிகள். இரண்டும் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருவாகி இந்தியாவுக்கு வந்தவை. தமிழ்நாட்டில் ஆர்மோனியம் 'பெட்டி' என்ற செல்லப்பெயரோடு உள்ளூர்க் கருவியாகவே ஆகிவிட்டது. அக்கார்டியன் அப்படி ஆகவில்லை. பழைய திரைப்பாடல்களில் கேட்டுப் பழகிய ஒலியாக மட்டும் நின்றுவிட்டது.

அக்கார்டியன் இன்று உலகின் பல பகுதிகளில் மீண்டும் இளைஞர்களின் கைக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் அது திரும்ப வரும் என்று பழைய பாடல்களின் ரசிகர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை எடைபோடுவதற்கு அக்கார்டியனின் வரலாறு மட்டும் போதாது. பாரதியார் முதல் அகில இந்திய வானொலி வரை பலரும் வெறுத்து ஒதுக்கிய ஆர்மோனியம் எப்படிப் பிழைத்தது, யாரும் வெறுக்காத அக்கார்டியன் ஏன் மறைந்தது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரே குடும்பம்

காற்று மோதினால் தானே அதிரும் நாக்கைக் கொண்ட கருவிகள் ஆசியாவுக்குப் புதியவை அல்ல. சீனாவின் 'ஷெங்' என்னும் வாய்க்கருவி மிகப் பழமையானது. அதே தத்துவத்தில் அமைந்த கருவிகள் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பெருகின. வியன்னாவில் சிரில் டெமியன் 1829-இல் அக்கார்டியனுக்குக் காப்புரிமை பெற்றார். 1840-களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபெய்ன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது மேசை அளவு பெரியது. காலால் மிதித்து வாசிப்பது. தரையில் உட்கார்ந்து பாடும் இந்திய வழக்கத்துக்கு ஏற்ற கைத்துருத்தி ஆர்மோனியம் கல்கத்தாவில் உருவானது. துவாரகாநாத் கோஷ் நிறுவிய 'துவார்க்கின்' நிறுவனத்தின் பெயர் அதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுகளில் முக்கியமானது இடது கையின் வேலை. கை ஆர்மோனியத்தில் இடது கை துருத்தி போடும். வலது கை மட்டுமே கட்டைகளில் ஓடும். அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள். வலது கை பியானோவைப் போன்ற கட்டைகளில் ஓட, இடது கை துருத்தியை இழுத்து மூடிக்கொண்டே பொத்தான்களையும் அழுத்துகிறது. முழு அளவு அக்கார்டியனில் வலப்புறம் 41 கட்டைகளும் இடப்புறம் 120 பொத்தான்களும் உண்டு. எடை 10 கிலோவை எட்டும். அந்தப் பொத்தான்களில் பெரும்பாலானவை தனி ஸ்வரத்தைத் தருவதில்லை. ஒன்றை அழுத்தினால் மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து 'கார்டு' ஆக ஒலிக்கும். ஒரே ராகத்தில் ஒற்றைக் கோடாகச் செல்லும் நம் பாட்டுக்குக் கார்டு தேவையில்லை. ஆகவே, தமிழ்ப் பாட்டுக்கு அக்கார்டியன் வாசிப்பவர் கருவியின் பாதியைச் சும்மா சுமக்கிறார். கருவி இங்கே வேரூன்றாததற்கு இதை முதல் காரணமாகச் சொல்லலாம்.

ஆர்மோனியத்தின் மீதான குற்றச்சாட்டு

ஆர்மோனியத்தை எதிர்த்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பாரதியார் 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில் அதைக் கடுமையாகச் சாடினார். கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியும் அதை இந்திய இசைக்குக் கேடு என்று கருதினார். தாகூருக்கும் அதே கருத்துதான். 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. அப்போது ஒலிபரப்புத் துறையின் தலைவராக இருந்தவர் லயோனல் ஃபீல்டன் என்ற ஆங்கிலேயர். இந்திய இசையின் தூய்மையைக் காக்க ஓர் ஆங்கிலேயர் ஒரு கருவியைத் தடை செய்ததும், அந்தத் தடையை விடுதலைக்குப் பிறகும் ஏறக்குறையக் கால் நூற்றாண்டு இந்தியர்கள் கட்டிக்காத்ததும் வேடிக்கையான வரலாறு. தடை 1971-இல்தான் தளர்ந்தது. அப்போதும் பக்கவாத்தியமாக மட்டுமே ஆர்மோனியத்துக்கு அனுமதி கிடைத்தது.

எதிர்ப்பாளர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆர்மோனியத்தின் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஒலிதான். ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குத் தாவலாமே தவிர வழுக்கிச் செல்ல முடியாது. கர்நாடக இசையின் உயிரோ கமகத்தில் இருக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது; ஊசலாடிக்கொண்டே இருக்கும். அந்தக் காந்தாரத்தைப் பெட்டியில் வாசித்தால் அசைய வேண்டியது அசையாமல் நிற்கும், தோடி வேறேதோ ஒன்றாகிவிடும். மோகனம், ஹம்சத்வனி போன்ற ராகங்களில் இழப்பு இவ்வளவு தெரியாது. பல்லடம் வெங்கட்ரமண ராவ் போன்ற வித்துவான்கள் கட்டைகளை விரைந்து தொட்டு விடும் உத்திகளால் கமகத்தின் சாயலை வரவழைத்துக் காட்டியிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் வித்யாதர் ஓக் 22 சுருதிகளையும் தரும் ஆர்மோனியத்தையே வடிவமைத்தார். ஆனாலும் சாயல் சாயல்தான். வயலின் தரும் அசைவைப் பெட்டி தராது.

ஆனால், எதிர்ப்பாளர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. கச்சேரிப் பாடகரிடம் அவருடைய சுருதி என்னவென்று கேட்டால், "ஒரு கட்டை", "நாலரைக் கட்டை" என்பார். அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டை. ஒரு கட்டை என்பது மேற்கத்திய 'சி', இரண்டு கட்டை 'டி', ஐந்து கட்டை 'ஜி'. அரைக்கட்டைகள் கறுப்புக் கட்டைகள். ஆர்மோனியத்தை மேடையில் ஏற்றாத சங்கீதம், தன் குரலை அளக்க ஆர்மோனியத்தின் அளவுகோலையே வைத்துக்கொண்டது. நாதசுவரத்துக்கு ஒத்து ஊதிய இடத்தில் பின்னாளில் வந்து அமர்ந்த சுருதிப்பெட்டியும் கட்டைகள் இல்லாத ஆர்மோனியம்தான். அதே துருத்தி, அதே பித்தளை நாக்கு. கருவியை வெளியே நிறுத்திவிட்டு அதன் உறுப்புகளையும் சொல்லையும் உள்ளே எடுத்துக்கொண்ட இந்த முரண்பாட்டை இசை விமர்சகர்கள் அதிகம் பேசியதில்லை.

நாடக மேடையில் பெட்டியின் வேலை

கச்சேரி மேடையை வைத்தே ஆர்மோனியத்தை எடைபோட்டதுதான் பிழை. தமிழ்நாட்டில் பெட்டி வளர்ந்த இடம் நாடகக் கொட்டகை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' போன்ற இசை நாடகங்கள் இரவு தொடங்கி விடியும்வரை நடப்பவை. ஒலிபெருக்கி வராத காலத்தில், திறந்தவெளியில், ஆயிரக்கணக்கானோர் நடுவில் நடிகர் பாட வேண்டும். தம்புரா ஒலி இரண்டாவது வரிசையைத் தாண்டாது. வயலின் ஐந்தாவது வரிசை வரை போகலாம். கடைசி வரிசை வரை சுருதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பெட்டியால்தான் முடிந்தது.

நாடக ஆர்மோனியம் பெரும்பாலும் காலால் மிதிப்பது. இதனால் வாசிப்பவரின் இரு கைகளும் கட்டைகளுக்குக் கிடைத்தன. எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) உச்ச சுருதியில் பிருகாக்களை உதிர்த்தபோது அவருடைய சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியத்தில் ஈடு கொடுத்தார். காதர் பாட்சாவின் பெட்டி வாசிப்புக்காகவே நாடகம் பார்க்கப் போனவர்கள் உண்டு. பிருகா என்பது ஸ்வரங்கள் மணிமணியாகப் பிரிந்து விரைவாக ஓடுவது. கமகத்தில் தோற்கும் ஆர்மோனியம் பிருகாவில் வெல்கிறது. நாடகப் பாட்டு கச்சேரிப் பாட்டைப் போல இல்லாமல் பிருகா நிறைந்த பாணியாக ஆனதில் பெட்டிக்கும் பங்கிருக்க வேண்டும். குரலைப் பெட்டி பின்தொடர்ந்ததைப் போலவே பெட்டியைக் குரலும் பின்தொடர்ந்திருக்கிறது.

ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரரின் பொறுப்பு இன்னும் பெரிது. இந்த நாடகங்களுக்கு நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை இல்லை. அன்றிரவுதான் ஒருவரை ஒருவர் மேடையில் சந்திப்பதும் உண்டு. ஆர்மோனியக்காரர் மேடையோரத்தில் மிருதங்கம், டோலக், ஆல்ரவுண்ட் வாசிப்பவர்களோடு உட்கார்ந்திருப்பார். வந்தவர் எந்தச் சுருதியில் பாடுவார், எந்தப் பாட்டை எடுப்பார், எங்கே வசனம் முடியும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்பாட்டும் அவரே பாடுவார். நடிகருக்கு மூச்சு வாங்கினால் அடியை எடுத்துக் கொடுப்பார். முன்பின் பழகாத நால்வரை ஒரே நாடகமாகச் சேர்த்துக் கட்டுவது அவர் வேலை. தோடியின் காந்தாரம் அசைந்ததா என்று கொட்டகையில் யாரும் கேட்டதில்லை.

ஆர்மோனியத்தின் மீதான வெறுப்பில் எவ்வளவு இசைக் காரணம், எவ்வளவு நாடகக்காரர்கள் மீதான இளக்காரம் என்று பிரித்துப் பார்ப்பது கடினம். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடையே பழகி ஆய்வு செய்து, அவர்கள் மீது சமூகம் சுமத்திய அவப்பெயரைப் பற்றி 2005-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த அவப்பெயர் அவர்கள் மடியில் இருந்த கருவியின் மீதும் ஒட்டியிருக்கிறது. 'நாடகக்காரன் பெட்டி' என்ற சொல்லில் இருந்த ஏளனத்துக்கும் கமகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நாடகத்திலிருந்து பெட்டி திரைக்குப் போனது. எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்தது ஆர்மோனியத்தில். பாவலர் வரதராஜனின் பிரச்சார மேடைகளில் பெட்டியோடு வளர்ந்த இளையராஜாவும் அப்படியே. முழு மேற்கத்திய இசைக்குழுவுக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரிந்தவர், மெட்டைத் தேடுவதற்குப் பெட்டியின் முன்தான் உட்காருகிறார். இங்கும் ஆர்மோனியத்துக்கு ஒரு வேலை இருந்தது. பாடலில் அதன் ஒலி கேட்காவிட்டாலும், பாடல் பிறந்த இடம் அதுதான்.

திரையில் அக்கார்டியன்

அக்கார்டியனுக்குத் திரையில் கிடைத்தது வேலை அல்ல, வேடம். இந்தித் திரையிசையில் கூடி சீர்வாய், கெர்சி லார்டு, ஈனாக் டேனியல்ஸ் போன்ற திறமையான அக்கார்டியன் கலைஞர்கள் இருந்தார்கள். 'சங்கம்' (1964) படத்தில் ராஜ் கபூர் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடும் காட்சி தமிழ் ரசிகர்களுக்கும் பழக்கமானது. 'ஆராதனா' (1969) படத்தின் புகழ்பெற்ற மழை இரவுப் பாடலில் கெர்சி லார்டின் அக்கார்டியன் இன்னொரு குரலாகவே ஒலிக்கும். தமிழில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசைக்குழுவில் மங்களமூர்த்தி அக்கார்டியன் வாசித்தார்.

பழைய பாடல்களில் அக்கார்டியன் வரும் இடங்களை வரிசையாகக் கேட்டால் ஓர் ஒழுங்கு தெரியும். கிளப் நடனம், படகுப் பயணம், மலைவாசத்தலம், பிறந்தநாள் விருந்து, கோட்டு போட்ட காதலன். தாலாட்டுக்கோ ஒப்பாரிக்கோ சாமி பாட்டுக்கோ அது வராது. 'இது நம்மூர் அல்ல, நாகரிகமான வேறோர் இடம்' என்று அந்த ஒலி முன்கூட்டியே சொல்லிவிடும். அதன் அழகும் அதில்தான் இருந்தது. ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு நாக்குகளை மயிரிழை வித்தியாசத்தில் சுருதி சேர்த்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து அதிரும்போது ஒலி அலையலையாக நடுங்கும். அந்த நடுக்கத்தில் குதூகலமும் ஏக்கமும் ஒன்றாக இருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பாடல்களைக் கேட்பவர் மனம் அசைவது அதனால்தான்.

வேடத்தை இன்னொருவர் போட்டுக்கொள்ள முடியும். 1980-களில் மின்னணு கீபோர்டுகள் வந்தபோது முதலில் வேலை இழந்தவற்றுள் அக்கார்டியனும் ஒன்று. 1991-இல் வகுக்கப்பட்ட 'ஜெனரல் மிடி' ஒலிப்பட்டியலில் 22-ஆம் எண் அக்கார்டியன். 24-ஆம் எண் டாங்கோ அக்கார்டியன். இன்று தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி எனத் தென்சென்னைப் புறநகர் முழுவதும் 'கீபோர்டு வகுப்பு' பலகைகளைக் காணலாம். டிரினிட்டி தேர்வுக்குத் தயாராகும் பத்து வயதுக் குழந்தை அந்த எண்ணை அழுத்திப் பார்த்திருக்கும். அது எந்தக் கருவியின் ஒலி என்று தெரியாமலே அடுத்த எண்ணுக்குப் போயிருக்கும். எண்ணில் இல்லாதது துருத்தி. ஒரு ஸ்வரத்தை அழுத்திய பிறகும் காற்றைக் கூட்டி அதைப் பெருக்கலாம், குறைத்து மெலிவிக்கலாம், துருத்தியை உதறி நடுங்க வைக்கலாம். அக்கார்டியன் மனிதக் குரலைப் போலிருப்பது இதனால்தான். சாதாரண கீபோர்டில் கட்டையை அழுத்திய கணத்தோடு விரலின் ஆதிக்கம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

இந்தியச் சந்தைக்கென்று வரும் கீபோர்டுகளில் ஆர்மோனிய ஒலியும் உண்டு. அப்படியிருந்தும் ஆர்மோனியம் போகவில்லை. பஜனை மடத்தில், நாடக மேடையில், பாட்டு வகுப்பில், கவ்வாலியில் அது இருக்கிறது. ஒலி மட்டும் தேவைப்பட்ட இடத்தில் எண் போதும். மின்சாரம் இல்லாத தெருவில் சுருதி கொடுக்கவும், பாடுபவரின் முகம் பார்த்து அடியெடுத்துக் கொடுக்கவும் ஆளும் பெட்டியும் வேண்டும்.

மறுமலர்ச்சி எங்கே நடந்தது

உலக அளவில் அக்கார்டியன் உயிரோடு இருக்கும் இடங்களைப் பார்த்தாலும் இதே செய்திதான். கொலம்பியாவின் கரீபியன் பகுதியில் 'வாயேனாத்தோ' என்ற பாட்டு மரபு உண்டு. ஜெர்மனியில் செய்த அக்கார்டியன், 'காஹா' என்ற சிறு மேளம், சுரண்டி ஒலிக்கும் 'குவாச்சராக்கா' மூன்றும் அதற்குப் போதும். ஊர் ஊராகச் சென்ற பாடகர்கள் ஓர் ஊரின் செய்தியை அடுத்த ஊருக்குப் பாட்டாகக் கொண்டுபோனதிலிருந்து வளர்ந்த மரபு அது. வாயேதுபார் நகரில் 1968 முதல் நடக்கும் விழாவில் அக்கார்டியன் கலைஞர்கள் மேடையேறிப் போட்டியிடுகிறார்கள். 2015-இல் யுனெஸ்கோ இதை அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அர்ஜென்டினாவில் அக்கார்டியனின் உறவுக்கருவியான பாண்டோனியன் இல்லாமல் டாங்கோ இல்லை. ஆஸ்டர் பியசோலா (1921–1992) அதைக் கச்சேரி அரங்குக்குக் கொண்டுபோனார். இரண்டு நாடுகளிலும் கருவி வெளிநாட்டுடையது. ஆனால், ஊரின் ஒரு வேலையை அது எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் ஆர்மோனியம் செய்ததைப் போல.

இன்னொரு வகை மறுமலர்ச்சியும் நடக்கிறது. பிரெஞ்சுப் படமான 'அமேலி' (2001) அக்கார்டியன் ஒலியை உலகெங்கும் மீண்டும் பரப்பியது. இந்தியில் 'பர்ஃபி' (2012) அதே மணத்தைக் கொண்டுவந்தது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், இங்கும் அக்கார்டியன் பழைய வேடத்தையே போட்டுக்கொள்கிறது: ஐரோப்பியத் தெரு, பழைய காலம், மெல்லிய காதல். மறுமலர்ச்சி இவ்வளவுதான் என்றால், அடுத்த ரசனை வந்ததும் அது மீண்டும் ஓர் எண்ணாகிவிடும்.

தமிழ்நாட்டுப் புறநகரில் அக்கார்டியனுக்கென்று ஒரு வேலை உண்டென்றால் அது டிசம்பர் இரவுகளில்தான். தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் கிறிஸ்துமஸ் கேரல் குழுக்கள் வீடு வீடாகப் போகின்றன. நடந்துகொண்டே வாசிக்க வேண்டும், மின்சாரம் கூடாது, இருபது பேர் பாட்டுக்கு மேலே ஒலி கேட்க வேண்டும், கேரல் பாடல்களின் மேற்கத்திய மெட்டுக்குக் கார்டும் வேண்டும். அக்கார்டியனின் இடது பக்கத்துப் பொத்தான்கள் வீணாகாத ஓரிடம் இது. இன்று அந்த இடத்தில் கிடாரும் பேட்டரி கீபோர்டும் இருக்கின்றன. கேரல் நடக்கும் அதே மாதத்தின் விடியற்காலையில் மார்கழி பஜனை கிளம்புகிறது. வீதி பஜனைக்கு ஆர்மோனியத்தை வார் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, நின்றபடியும் நடந்தபடியும் வாசிப்பார்கள். தேவை வந்தபோது ஆர்மோனியமே அக்கார்டியனைப் போலத் தோளேறிவிட்டது.

ஆனாலும், ஆர்மோனியம் பிழைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுவரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. பட்டியலில் ஆர்மோனியம் இல்லை. நாடகப் பாணிப் பெட்டி வாசிப்பு இன்றுவரை மூத்தவர் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்துக் கற்பதாகவே இருக்கிறது. சுருதி சேர்ப்பவர்களின் நிலையும் இதுதான். நாக்கின் நுனியைச் சுரண்டினால் ஒலி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும் என்பதைப் புத்தகத்தில் படிக்கலாம். எவ்வளவு சுரண்டுவது என்பது கைக்குத்தான் தெரியும். சென்னையின் கடற்கரை ஈரத்தில் ஆண்டுக்கொரு முறையாவது அந்தக் கை தேவைப்படுகிறது.

'வள்ளி திருமணம்' முழு இரவு நாடகங்களின் பதிவுகள் இன்று யூடியூபில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் கேமரா பெரும்பாலும் நடிகரையே காட்டும். முருகன் வேடனாக வந்து வள்ளியோடு தர்க்கம் செய்யும் கட்டத்தில், வசனம் முடிந்து பாட்டு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால், மேடையோரத்திலிருந்து பெட்டியின் ஒரே ஒரு ஸ்வரம் கேட்கும். நடிகர் அதைப் பிடித்துக்கொண்டுதான் பாட ஆரம்பிப்பார்.